முதல் ஃபிட்னஸ் பேண்ட்: மலையில் இருக்கிறவர்கள் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி, நவம்பர் 8

"குன்னூர். வயசு 46, நாள் முழுக்க நாற்காலி வேலை. போன மாசம் ஹெச்பிஏ1சி, அதான் மூணு மாச சுகர் சராசரி, 6.2 வந்துச்சு. மாத்திரை இப்போ வேண்டாம், முதல்ல நடங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். முதல்முறையா ஃபிட்னஸ் பேண்ட் வாங்கப் போறேன், 3,000 ரூபாய்க்குள்ள. 10,000 ஸ்டெப்பைச் சரியா எண்ணினா எனக்குப் போதும், மத்ததெல்லாம் அலங்காரம். எது வாங்கலாம்?"

நவம்பர் 8, இரவு

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எந்த பேண்ட் என்பதற்கு முன்னால் அந்த 10,000-ஐப் பேசிவிடலாம். அது எந்த டாக்டரும் அளந்து சொன்ன கணக்கு இல்லை. 1965-ல் ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெப் எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் மான்போ-கெய், பத்தாயிரம் ஸ்டெப் மீட்டர் என்று பொருள். விற்பனைக்காக வைத்த பெயர் இன்று எல்லார் மணிக்கட்டிலும் இலக்காகிவிட்டது. 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நாளுக்கு 2,700 ஸ்டெப் நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு, 7,500-க்குப் பிறகு எண்ணிக்கை கூடியும் பலன் கூடவில்லை. உங்கள் வயதுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் இன்று 2,000 நடக்கிறவர் 4,000-க்குப் போவதே பெரிய விஷயம் என்பதற்கு அது போதும்.

இரண்டாவது, "சரியா எண்ணினா" என்று சொன்னீர்களே, அங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. பேண்டுக்குக் காலே தெரியாது. உள்ளே இருக்கும் முடுக்கமானி மணிக்கட்டின் அசைவைப் பார்த்து, இது நடையாக இருக்கும் என்று கணித்துக்கொள்கிறது. கையை வீசி நடக்கிற சமவெளிக்காரருக்கு அது ஒத்துவரும். நாம் காலை ஆறரைக்கு எப்படி நடக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், இரண்டு கையும் ஸ்வெட்டர் பாக்கெட்டில் இருக்கும்.

நவம்பர் 9

நேற்று எழுதிவிட்டு, சும்மா சொல்லக்கூடாது என்று இன்று அளந்தே பார்த்தேன். இரண்டு வருஷமாகப் போட்டிருக்கும் சாதாரண பேண்ட் என்னுடையது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போகிற ரோடு, பாதி ஏற்றம், பாதி சமம். இடது பாக்கெட்டில் பத்து கொண்டைக்கடலை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே போய் ஒவ்வொரு நூறுக்கும் ஒன்றை வலது பாக்கெட்டுக்கு மாற்றினேன், பத்தும் மாறினால் ஆயிரம்.

கை வீசி நடந்தபோது 988. கையைப் பாக்கெட்டில் விட்டு நடந்தபோது 871. ஒரு கையில் குடை, பேண்ட் கட்டிய கையில் பத்து கிலோ அரிசிப் பை, செங்குத்தான சந்துப்படியில் மெதுவாக ஏறியபோது 640.

கடைசி எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மூச்சு வாங்கி, முழங்கால் நடுங்கி ஏறிய அந்த ஆயிரம்தான் அன்றைக்கு நான் செய்த நல்ல உடற்பயிற்சி, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் அண்ணா: ஸ்டெப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மேட்டில் வாழ்கிறவருக்கு நாடித்துடிப்பும் நேரமும்தான் உண்மையைச் சொல்லும், ஸ்டெப் எல்லாம் அதற்குப் பிறகு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன வழிகாட்டுதலும் ஸ்டெப் கணக்கு இல்லை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு என்ற நிமிஷக் கணக்குதான். எனவே துடிப்பை இடைவிடாமல் பார்க்கும் பேண்ட் வேண்டும், அதை ஆப்பில் நிமிஷவாரியாகக் காட்டவும் வேண்டும். 3,000-க்குள் அது தாராளமாகக் கிடைக்கிறது. 2014-ல் ஷியோமியின் முதல் மி பேண்ட் வந்தபோது திரையும் கிடையாது, துடிப்பு பார்க்கும் வசதியும் கிடையாது, மூன்று பொட்டு வெளிச்சம்தான். இன்று அந்த நிலைமை இல்லை.

நவம்பர் 11

விட்டுப்போன ஒன்று. கடையிலேயே உங்கள் போனோடு இணைத்து, யாரையாவது தமிழில் ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். சில பேண்டுகளில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பழைய போனாக இருந்தால் ஆப் ஏறுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

நவம்பர் 15

மூன்று நாளாக விடாத மழை. நடை இல்லை, வீட்டுக்குள்ளேயே வராந்தாவில் முன்னும் பின்னும்.

துடிப்பை நம்பலாமா என்று ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பேண்டைக் கழற்றித் திருப்பினால் பச்சை வெளிச்சம் மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறைகிறது, அதை எண்ணிச் சொல்கிறது. குளிரில் உடம்பு சூட்டைக் காப்பாற்ற மேல்தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது பேண்டுக்குப் பார்க்கக் கிடைப்பது கொஞ்சம்தான். இன்று காலை சமதளத்தில் நடக்கும்போது 112 காட்டியது, நின்று கழுத்தில் விரல் வைத்து அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தால் 88. குளிர்தான் காரணம், குளிர்காலத்தில் நம் ஊரில் இது சரிவராது.

நவம்பர் 17

முந்தாநாள் எழுதியதைத் திருத்துகிறேன், குளிர் மேல் பழியைப் போட்டது அவசரம். அந்த 112 எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் 110-லிருந்து 114. அப்படியானால் பேண்ட் காட்டியது துடிப்பை இல்லை, நடையின் தாளத்தை. பட்டை தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பேண்ட் மணிக்கட்டில் குலுங்கும், அந்தக் குலுங்கலையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும்.

இன்று மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே ஏற்றி, ஒரு துளை இறுக்கி, ஸ்வெட்டர் கையை அதன்மேல் இழுத்துவிட்டு, வீட்டுக்குள் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வெளியே போனேன். பேண்டில் 91, விரலில் 90. அதே குளிர், அதே பேண்ட். ஆக, சரிவராது என்று நான் சொன்னதை விட்டுவிடுங்கள். குளிர் ஒரு பங்கு காரணம்தான், தளர்வு அதைவிடப் பெரிய காரணம். வாங்கும்போது பட்டையில் துளைகள் நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை.

நவம்பர் 23

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். குன்னூர் அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார், ஒரு கடையில் "சுகரே பார்க்கும், ஊசி வேண்டாம்" என்று 2,200 ரூபாய்க்கு ஒரு வாட்ச் காட்டினார்களாம். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிக்கையே விட்டது, அப்படி ஒரு கருவிக்கும் அது அனுமதி தரவில்லை என்பதையும் சேர்த்து. சர்க்கரை அளவு தப்பாகக் காட்டினால் அதை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிற ஆபத்து இருக்கிறது. சுகர் பார்க்க விரல் குத்தும் மீட்டர் இருக்கிறது, தோலுக்கடியில் சென்சார் வைத்துத் தொடர்ந்து பார்க்கும் கருவி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப் இருக்கிறது.

சுகருக்குப் பேண்ட் உதவுவது வேறு வழியில். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் குறையும். மதியம் இரண்டு மணிக்கு அதிரும்படி ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் இருக்கிறவருக்கு 10,000-ஐவிட அந்த ஒரு அதிர்வு பெரிது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 24

மாதச் சந்தா கேட்கிற எதுவும் முதல் பேண்டுக்கு வேண்டாம். ஜிபிஎஸ் உள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை, போன் சட்டைப் பையில் இருந்தால் பாதையை அது பார்த்துக்கொள்ளும்.

டிசம்பர் 6

இது நீளமாகப் போகும். அம்மாவைப் பற்றியது.

எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அம்மாவுக்கு 64 வயது, இன்னும் கொழுந்து எடுக்கிறார். "நான்தான் நாள் பூரா நடக்கிறேனே, எனக்கு எதுக்கு நடைப்பயிற்சி" என்பது அவருடைய பழைய பேச்சு. நான்கு நாள் என் பேண்டைக் கட்டிவிட்டேன், ஆப்பில் வயது, எடை, உயரம் எல்லாம் அவருடையதாக மாற்றி.

முதல் நாள் மாலை பார்த்தால் 14,300. அம்மாவுக்குப் பெருமை. எனக்குச் சந்தேகம். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். இப்போது கையால் கிள்ளுவது குறைவு, கத்தரிதான். வலது கை கத்தரியை அழுத்தி அழுத்தி விட, இடது கை பையோடு சேர்த்துப் பிடித்திருக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு மணிக்கட்டும் ஒரு வெட்டு வெட்டும். ஒரே வரிசையில் நின்று முக்கால் மணி நேரம் வெட்டியதில் பேண்டில் 1,900 ஸ்டெப் ஏறியிருந்தது. அந்த நேரத்தில் அம்மா நகர்ந்தது நாற்பது அடி இருக்கும்.

பிறகு மூட்டை கட்டினோம். தலையில் ஏற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார். இருபது நிமிஷம், நல்ல மேடு. கை ஆடவே இல்லை. நான் பின்னால் எண்ணிக்கொண்டே போனேன், 1,150 அடி. பேண்ட் எண்ணியது 410. ஆனால் துடிப்பைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது: 134. 220-ல் வயதைக் கழிக்கும் கணக்குப்படி அவருக்குத் துடிப்பின் உச்சம் 156. அதாவது ஓட்டப் பயிற்சி எடுப்பவருக்கு ஏறுகிற அளவு துடிப்போடு, தினமும், 64 வயதில் ஏறிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அது எனக்குத் தெரியவில்லை.

சுமையை இறக்கிவிட்டு அம்மா எண்ணைக் கேட்டார். 410 என்றேன். "இந்தப் பொட்டிக்குச் சுமை தெரியாதாட்டம் இருக்கு" என்றார். அப்படித்தான். அதன் கணக்கில் மூட்டைக்கு இடமே இல்லை. துடிப்பு ஒன்றில்தான் மூட்டை தெரிந்தது.

கலோரி எண்ணையும் இதோடு மறந்துவிடலாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேருக்கு ஏழு கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதத்துக்குள்ளான பிழையோடு சொல்லின. கலோரியில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம்.

டிசம்பர் 7

ஒருவர் சரியாகவே கேட்டிருக்கிறார், பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு இந்த 220 கணக்கு பொருந்துமா என்று. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பை ஏறவிடாது, அவர்களுக்கு இந்தக் கணக்கு ஆகாது, டாக்டரிடம் எல்லை கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மா அந்த மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. மற்றவர்களுக்கும் அது சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு முன்பின் இருக்கும். அம்மாவை வரும் வாரம் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.

டிசம்பர் 14

ஊட்டிக்காரர் பயந்து போயிருக்கிறார். ராத்திரியில் பேண்ட் ரத்த ஆக்ஸிஜன் 93 சதவீதம் என்று காட்டியதாம். கடல் மட்டத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லும் 97, 98-ஐ ஊட்டியில் 2,240 மீட்டரில் இருந்துகொண்டு எதிர்பார்க்க முடியாது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், அதனால் இரண்டு மூன்று புள்ளி இறங்குவது இயல்பு. தூக்கத்தில் கை கீழே மாட்டி அழுந்தினாலும் எண் விழும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில், கையைச் சூடாகத் தேய்த்துவிட்டு, பகலில் ஒருமுறை பாருங்கள். அதிலும் குறைவாக வந்தாலோ மூச்சுத் திணறினாலோ டாக்டரிடம் போங்கள், பேண்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மாடிப்படி எண்ணும் வசதி நம் ஊருக்குத் தேவைதானே என்று இன்னொரு கேள்வி. காற்றழுத்த உணரி இருக்கும் பேண்டில்தான் அது வரும், ஏறக்குறைய 3 மீட்டர் ஏறினால் ஒரு மாடி. நானும் முதலில் இது கட்டாயம் வேண்டும் என்று நினைத்தேன், மேட்டை அளக்க வேறு எது இருக்கிறது? ஆனால் கோத்தகிரி உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் அது சுமார் 10 மீட்டர் உயரத்துக்குச் சமம். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும். வங்கக் கடலில் தாழ்வு நிலை வந்த அன்று தங்கைக்காரி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தே ஒன்பது மாடி ஏறியிருக்கிறாள் அவள் வாட்ச்படி. கிடைத்தால் நல்லது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

டிசம்பர் 28

உறைபனி தொடங்கிவிட்டது. தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாக இருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார்கள். குளிரில் பார்த்தவற்றைக் குறித்து வைக்கிறேன்.

கம்பளிக் கையுறையோடு தொடுதிரை வேலை செய்யாது. பக்கத்தில் ஒரு பட்டன் இருக்கிற பேண்ட் நமக்கு நல்லது, மழையில் நனைந்த விரலுக்கும் அதுதான் கைகொடுக்கும். குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பெட்டியில் 14 நாள் என்று போட்டிருந்தால் துடிப்பை முழுநேரமும் ஓடவிட்டு எனக்கு எட்டு நாள் வருகிறது. மழையில் இரண்டு நாள் கரன்ட் போகிற ஊரில் எட்டு நாள் போதும், தினமும் சார்ஜ் கேட்கிற வாட்ச் ஆகாது.

குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 5 ஏடிஎம் என்பது 50 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்கும் என்ற சோதனை, அதுவும் அசையாத சாதாரணத் தண்ணீரில். நாம் ஊற்றிக்கொள்வது ஆவி பறக்கும் வெந்நீர், கூடவே சோப்பு. இரண்டும் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பைத் தளர்த்தும்.

இன்னொன்று, தோல் வெடிக்காமல் இருக்க எல்லாரும் கையில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தேய்க்கிறோம். அது பேண்டின் அடியில் இருக்கும் கண்ணாடியில் படலமாகப் படிந்து, மங்கிய ஜன்னல் வழியே பார்ப்பது மாதிரி துடிப்பு விட்டுவிட்டு வரும். ஒரு வாரமாக என் பேண்டுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஈரத் துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது.

ஜனவரி 4

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். இலக்குக்கு 1,200 ஸ்டெப் குறைந்தது என்று இரவு ஒன்பதரைக்கு எஸ்டேட் ரோட்டில் நடந்தேன் என்கிறீர்கள். வேண்டாம். எங்கள் பக்கம் கோயிலுக்கு எண்ணெய் குடிக்கக் கரடி வருகிறது, காட்டுமாடு தேயிலைக்குள் படுத்திருப்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. தொடர்ந்து இத்தனை நாள் என்று அந்த ஆப் போடும் நெருப்புப் படம் அணைந்தால் அணையட்டும். இலக்கை அமைப்பில் போய் 6,000-க்கு இறக்குங்கள், பெரும்பாலான பேண்டில் மாற்ற முடியும். விடியாமலும் நடக்க வேண்டாம், வெளிச்சம் வந்து ஆள் நடமாட்டம் தொடங்கிய பிறகு போதும். குறைகிறதென்றால் வராந்தாவில் நடங்கள்.

ஜனவரி 11

அண்ணா வாங்கிவிட்டார். 2,600 ரூபாய், பக்கத்தில் பட்டன், நெருக்கமான துளைகள், தமிழ் வருகிறது, காற்றழுத்த உணரி இல்லை. குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பார்க் வரை கொண்டைக்கடலை வைத்து எண்ணியிருக்கிறார், ஆயிரத்துக்கு 962. மதிய அதிர்வுக்கு எழுந்து ஆபீஸ் வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றுகிறாராம், கூட இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். அடுத்த ஹெச்பிஏ1சி வந்ததும் சொல்லுங்கள்.

தூக்கக் கணக்கு ஏழரை மணி நேரம் காட்டுகிறதே, நான் ஆறுதான் தூங்கினேன் என்று கேட்டிருந்தார். அசையாமல், துடிப்பு இறங்கிய நிலையில் கம்பளிக்குள் டிவி பார்த்தால் அதையும் தூக்கம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஜனவரி 18

டாக்டர் அம்மாவுக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மேட்டில் அவ்வளவு சுமை வேண்டாம் என்றார். அம்மா என்னிடம் கேட்கவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை, ஆனால் அந்த 134 அவர் மனதில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை கொழுந்து எடுத்ததும் மூட்டையைப் பிரித்து இரண்டாகக் கட்டச் சொன்னார். பாதியை நான் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். நடுவில் பாறை இருக்கும் இடத்தில் நின்று, மூட்டையைப் பாறைமேல் வைத்துவிட்டு, ஸ்வெட்டர் கையை ஒதுக்கி மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். கண்ணாடி போடாமல் அவருக்கு எண் தெரியாது.

"எத்தனை?"

"நூற்றுப் பதினொன்று."

"சரி, தூக்கிவிடு" என்றார்.